‘ஏதாவது வேலை இருந்தா பாருங்க பாய்!’ - அதற்கு முன் பேச வேண்டியவை



நிக்காஹ் விருந்து முடிந்து மண்டப வாசலில் நிற்கிறோம். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருப்பவர் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் வந்திருக்கிறார். மாமா நம் பையனின் கையைப் பிடித்து அழைத்துப்போய் அவர் முன் நிறுத்துகிறார்.

“நம்ம தங்கச்சி பையன் பாய். பி.காம். முடிச்சிருக்கான். ஏதாவது வேலை இருந்தா பாருங்க.”

“பயோடேட்டாவை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க” என்கிறார் அவர். பையன் அன்றிரவே அனுப்புகிறான். நீல டிக் விழுகிறது. பதில் மட்டும் வருவதில்லை. “நமக்கு ஆள் இல்லை” என்று பையன் மனம் வெறுத்துப் போகிறான்.

இதில் மேலாளரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பையன் அவரிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தெரியாத ஒருவனுக்காக அவர் தம் முதலாளியிடம் என்னவென்று பரிந்து பேசுவார்?

தூரத்து அறிமுகம் ஏன் முக்கியம்?

நம்மோடு தினமும் பழகுபவர்களுக்கு, பெரும்பாலும் நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். நமக்குத் தெரியாத செய்தி வேறு ஊரில், வேறு தொழிலில் இருப்பவரிடம் இருக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், “அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?” என்று அவர் கேட்டார். வாரம் இருமுறையாவது சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திக்கும் அறிமுகக்காரர்கள்.

லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரிடம் ஐந்தாண்டுகள் நடத்திய சோதனைகளின் முடிவு 2022-ல் வெளியானது. மிக நெருங்கியவர்களைவிடவும், மிக மெல்லிய தொடர்பு மட்டுமே உள்ளவர்களைவிடவும், ஓரளவு அறிமுகமானவர்களின் தொடர்பே வேலை கிடைக்க அதிகம் உதவியது என்று அதில் தெரிந்தது.

ஆகவே முதல் சந்திப்பிலேயே வேலை வாங்கிவிட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர் நம்மை ஓரளவு தெரிந்தவராக ஆக வேண்டும். அதற்குப் பத்து நிமிட நல்ல பேச்சு போதும்.

எங்கே பேசலாம்?

திருவண்ணாமலை மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள், கல்லூரி முன்னாள் மாணவர் கூட்டங்கள் ஆகியவை நல்ல வாய்ப்புகள். செய்யாறு சிப்காட்டிலும் ஒரகடத்திலும் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் எல்லாரும் பேசத் தகுந்தவர்களே. பெண் பிள்ளைகள் முகாமுக்கு அம்மாவையோ அண்ணனையோ துணைக்கு அழைத்துப் போகலாம். ஆனால் பேச்சைத் தாங்களே பேச வேண்டும்.

எப்படிப் பேசலாம்?

முதலில், உங்களை நீங்களே இரண்டு வரியில் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். “பி.காம். முடிச்சிருக்கேன். ஒரு வருஷமா எங்க தெரு மளிகைக் கடைக்கு டேலியில கணக்கு எழுதுறேன்.” பட்டத்தோடு, செய்த வேலை ஒன்றையும் சொன்னால் அவர் மனத்தில் நிற்பீர்கள்.

இரண்டாவது, வேலை கேட்காமல் அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடாத கேள்வியாக இருக்கட்டும். “உங்க கம்பெனியில புதுசா சேர்றவங்க எந்த இடத்துல தடுமாறுறாங்க?” என்று கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்பது முதல் சந்திப்புக்கு ஆகாது.

மூன்றாவது, அவர் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். “கணக்கு தெரிஞ்சவங்க நிறைய வர்றாங்க. ஏற்றுமதி பேப்பர் பார்க்கத் தெரிஞ்சவங்கதான் கிடைக்கல” என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். “அப்படியா” என்று விட்டுவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. “இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மாதிரியா பாய்? அதை எங்கே கத்துக்கலாம்?” என்று கேட்டால், அவர் வழி சொல்லத் தொடங்குவார். ஊரில் யாரும் சொல்லாத செய்தி அது.

நான்காவது, நேரத்தை மதியுங்கள். பத்து நிமிடம் ஆனதும், “இதைப் பற்றி வேற யார்கிட்ட பேசினா நல்லா இருக்கும்?” என்று கேட்டு, நன்றி சொல்லி விடைபெறுங்கள். ஒரு அறிமுகம் இரண்டாவதற்கு வழி திறக்கும்.

பேசிய பிறகு

மறுநாள் பகலில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். எங்கே சந்தித்தீர்கள், அவர் சொன்னதில் எது உதவியாக இருந்தது என்று மூன்று வரி போதும். தினமும் ‘குட் மார்னிங்’ படம் அனுப்பினால் உங்கள் எண் ஒதுக்கப்பட்டுவிடும்.

அவர் சொன்னதைச் செய்து முடித்ததும் தெரிவியுங்கள். “நீங்க சொன்ன பயிற்சியில சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு பாய். இப்போ ஷிப்பிங் பில் தயாரிக்கக் கத்துக்கிட்டேன்.” தம் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த பிள்ளையை யாரும் எளிதில் மறப்பதில்லை. இடம் காலியாகும்போது உங்கள் பெயர் அவருக்கு நினைவு வர வாய்ப்பு உண்டு. வேலை கேட்க வேண்டியிருந்தால், இப்போது தயங்காமல் கேட்கலாம்.

இரண்டு வேண்டுகோள். பெற்றோர்களே, பிள்ளைகளை அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஓரடி பின்னால் நில்லுங்கள்; அவர்களே பேசட்டும். நல்ல வேலையில் இருக்கும் சகோதரர்களே, அடுத்த வலீமாவில் கூச்சத்தோடு ஒரு பிள்ளை உங்கள் முன் வந்து நின்றால், “பயோடேட்டா அனுப்பு” என்று சொல்லும் முன் “என்ன செய்யத் தெரியும்ப்பா?” என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிடம், இன்ஷா அல்லாஹ், ஒரு குடும்பத்துக்கே விடிவாக அமையலாம்.