உப்புப் பூக்கும் சுவர்

தாம்பரத்துக்கு அருகே முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தார்கள். அடுத்த கோடைக்குள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று முறை அதே வேலை, அதே செலவு. "தண்ணீர் அப்போதே போய்விட்டது. சுவர் மட்டும் ஏன் இன்னும் அழுகிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்கிறார்.

அந்த டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், அடையாறு கரை மீறி வரதராஜபுரம், முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியதையும் இந்தப் பக்கத்து மக்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்தபோது சுவருக்குள் விட்டுப்போன ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது உப்பு.

எங்கள் வீட்டில் கோடைக்கு ஒரு மண்பானை வாங்குவோம். போர் தண்ணீரை ஊற்றி வைத்தால் இரண்டே மாதத்தில் பானையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். விரலால் தேய்த்தால் பானையின் தோலும் சேர்ந்து பொடியாக உதிரும். பானை வியர்க்கிறது, தண்ணீர் காற்றோடு போகிறது, அதில் கரைந்திருந்த உப்பு போக வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. செங்கல்லும் சுட்ட மண்தான். அதன் நுண்துளைகள் விளக்குத் திரியைப் போலத் தரையின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. இதைத்தான் நம் கொத்தனார்கள் ஓதம் என்கிறார்கள். மண்ணிலிருந்து வரும் உப்பு போதாதென்று, உவர்த் தண்ணீரில் கலவை குழைத்து நாமும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறோம். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி. வீடு கட்டும் எத்தனை பேர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கிறோம்?

இந்த உப்பின் ஒரு குணத்தை அறிந்த நாள் முதல் எனக்கு அதன்மேல் தீராத வியப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி தானாக நசநசத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அதில் தண்ணீர் ஊற்றுவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் ஊரில் பெரும்பாலான நாட்களில் விடியற்காலை ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுகிறது. வெயில் ஏறினால் கீழே இறங்குகிறது. சுவருக்குள் சிக்கிய உப்பு அப்படியே காலையில் கரைந்து, மதியம் இறுகி, மறுநாள் மறுபடி கரைகிறது. ஒவ்வொரு முறை இறுகும்போதும் படிகம் வளர்ந்து, தான் உட்கார்ந்திருக்கும் துளையின் சுவரை நெட்டித் தள்ளுகிறது. செங்கல்லில் அடிக்கடி காணப்படும் சோடியம் சல்பேட் இன்னும் பொல்லாதது. ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கு மேல் பருத்துவிடும். பூச்சு அதற்கு எப்படித் தாங்கும்? மழையே பெய்யாத மாதத்திலும் சுவர் உதிர்வதற்கு இதுதான் காரணம்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக, பூனை முடிபோல மெல்லிய இழைகள் நிற்கும். பூஞ்சையோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு.

சேலையூரில் எங்கள் வீட்டிலும் ஓதம் வந்தது. அசிங்கம் தெரியக் கூடாதென்று மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு மழைக்காலம் கழித்து டைல்ஸுக்கு மேலே, நாலாவது அடியில் ஈரக்கோடு தெரிந்தது. வெளியேறும் இடத்தை அடைத்தால் ஈரம் அடுத்த வழியைத் தேடி மேலே போகும். அப்போது வந்து பார்த்த வயதான மேஸ்திரி, கரணைக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் 'டொப்'பென்று மாறியது. "சார், சுவரு குடிச்ச தண்ணிய அதுவாத்தான் வெளிய விடணும். மூடி வெச்சா உள்ளயே அரிச்சிரும்" என்றார்.

அவர் செய்த வேலையின் வரிசை இது. முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்தார். ஒரு பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டார். தாளின் உட்புறம், சுவர்ப்பக்கம் நீர் முத்து கோத்திருந்தது. ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால், தெருவை மறுபடி மறுபடி மேலேற்றிப் போட்டதில் எங்கள் பேஸ்மட்டம் மண்ணுக்குள் போயிருந்தது. தரை ஈரத்தைத் தடுக்க அந்த மட்டத்தில் போட்ட தடுப்பு அடுக்கு, மண் அதற்கு மேல் ஏறிவிட்டால் எதற்கும் உதவாது. சுவரை ஒட்டி மண்ணை வெட்டியெடுத்துத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தார். பிறகு ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி, செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளினார். கழுவவே கூடாது, கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பிவிடும்.

அதற்கப்புறம் காத்திருப்பு. ஓர் அங்குல கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது பழைய கட்டடங்களைச் சீர்செய்கிறவர்களின் உத்தேசக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். இரு பக்கமும் காற்று பட்டால் பாதி. கடைசியில் சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடித்தார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். மிச்ச உப்பும் செங்கல்லை விட்டுப் பூச்சுக்கு வந்து சேரும். பூச்சு உதிர்ந்தாலும் செங்கல் பிழைக்கும். பூச்சை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் வரும் முன்பு இந்த ஊர் வீடுகளெல்லாம் சுண்ணாம்பை நம்பித்தான் நின்றன. இன்று அதைப் பதமாகக் குழைக்கத் தெரிந்த கை தாம்பரத்தில் தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை.

தெரு உயர்ந்து பேஸ்மட்டம் புதையாமலிருக்க, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அடுத்த முறை தார் வண்டி வரும்போது வாசலில் நின்று அதைக் கேளுங்கள். பெயின்ட் கடைக்குப் போவதைவிட அது முக்கியமான வேலை.

முடிச்சூர் சகோதரிக்கு என் பதில்: இந்த வருடம் பெயின்ட் வேண்டாம். தை பிறந்ததும் கொத்திவிடுங்கள். ஆனி வரை அந்தச் செங்கல் அப்படியே திறந்து கிடக்கட்டும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சப்படாதீர்கள். பத்துப் பேர் கேட்டால், காயம் ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.