விமானம் எந்த வழியாகப் போகும்? ஒரு முழம் நூலில் விடை!



பெங்களூரிலிருந்து அமெரிக்காவில் உள்ள சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர்? அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தா போச்சு என்றுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைத்தேன். கோடு அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் எல்லாம் தாண்டிப் போனது. 22,000 கி.மீ. என்று பெருமையாக நோட்டில் எழுதினேன்.

எங்க டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "பூமியோட சுற்றளவே 40,000 கி.மீ. நேர் எதிர்ப்பக்கம் போகணும்னாலும் அதுல பாதி, 20,000 போதும். உன் விமானம் அதுக்கும் மேல எங்கே போகுது?" எனக்குப் பதில் வரவில்லை!

தப்பு எங்கே? பூமி உருண்டை. மேப் தட்டை. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது வடக்கே உள்ள இடங்கள் அகலமாக இழுபட்டுவிடும். அதனால் மேப்பில் நேர்கோடாகத் தெரிவது பூமியில் சுற்று வழி.

சரியாக அளப்பது எப்படி?

நம்ம ஆரணியில் நூலுக்கா பஞ்சம்? தறியில் மிச்சமான பட்டு நூல் ஒரு முழம் எடுத்தேன். "தளர விடாத, இழுத்துப் புடிம்மா" என்றார் அப்பா. குளோபில் இரண்டு ஊர்களிலும் நூலை வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் ஆப்பிரிக்கா பக்கமே போகவில்லை! நேராக வடக்கே ஏறி, பனிக்கடலைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கியது.

குளோபின் சுற்றளவு 94 செ.மீ. நூலின் நீளம் 33 செ.மீ.
33 ÷ 94 × 40,000 = சுமார் 14,000 கி.மீ.

நூல் இல்லாமல் ஒரு கணக்கு

ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111 கி.மீ. பெங்களூர் 13 டிகிரி வடக்கு. வட துருவம் வரை 90 − 13 = 77. சான் பிரான்சிஸ்கோ 38 டிகிரி வடக்கு. துருவத்திலிருந்து 90 − 38 = 52. மொத்தம் 129 டிகிரி. 129 × 111 = 14,319 கி.மீ. துருவம் வழியாகப் போனாலும் நூல் வழியைவிட 300 கி.மீ. சொச்சம்தான் அதிகம்!

2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலேயே பறந்து வந்தது. ஓட்டியவர்கள் எல்லோரும் பெண்கள்! தலைமை விமானி கேப்டன் ஜோயா அகர்வால்.

இந்தக் கணக்கு பரீட்சைக்கு மட்டுமல்ல. தூரத்தையும் காற்றையும் பார்த்துத்தான் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று முடிவு செய்வார்கள். குறைத்து நிரப்பினால் ஆபத்து. பனிக்கடல் மேல பெட்ரோல் பங்க் ஏது? அளவுக்கு மீறி நிரப்பினாலும் பாரம்தான்.

நீங்களும் செய்து பாருங்கள்: சென்னையிலிருந்து லண்டனுக்கு நூல் வைத்து அளங்கள். 8,200 கி.மீ. பக்கம் வந்தால் சபாஷ்! ரொம்பக் கூட வந்தால் நூல் தளர்ந்திருக்கும். மறுபடி இழுத்துப் பிடியுங்கள்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி