பூக் கேட்பதற்கு முன்

சென்னிமலை முருகனிடம் பூ உத்தரவு கேட்கும் வழக்கத்தைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இரார். கிணறு வெட்டலாமா, பெண்ணை அந்த இடத்தில் கொடுக்கலாமா, புதிய தொழிலில் கை வைக்கலாமா என்று மனம் இரண்டுபடும்போது, மலையேறிச் சென்று ஸ்வாமியின் திருமுடியில் பூ வைத்து உத்தரவு கேட்பார்கள். படிகள் 1,320. ஏறி முடிப்பதற்குள் பாதிக் கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

இக்காலத்தில் அந்தக் கேள்விகளோடு இன்னொன்றும் சேர்ந்து மலையேறக்கூடும். "இருக்கிற வேலையை விட்டுவிடலாமா? அடுத்த வேலை இன்னும் கையில் இல்லையே!" என்பதுதான் அது.

வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையை எடுத்துரைப்பார்கள். இந்த விஷயத்திலோ நம்புவதற்கு அரசன்கூட இல்லை! ஆகவே பெரியவர்களின் பயத்தை அர்த்தமற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனால், சொன்ன மாத்திரத்தில் அதற்குப் பணிந்துவிடவும் வேண்டியதில்லை.

சென்னிமலை போர்வைக்குப் பெயர் பெற்ற ஊர். கைத்தறிகள் முன்போல் இல்லையாயினும், தறிச் சத்தம் அடியோடு ஓய்ந்துவிடவில்லை. தறிக்காரன் வேலையை விடுவதென்பது ஓர் ஆள் விடுவதன்று. அவன் நெய்வதற்கு வீட்டிலுள்ள பெண்மக்கள் நூல் சுற்றிக் கொடுக்கிறார்கள், தார் போடுகிறார்கள். அவன் தறியை விட்டு எழுந்தால் அவர்களுடைய கைவேலையும் அன்றோடு நின்றுபோகிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அதைத் தீர்க்காமல் நகரவும் இயலாது. எனவே ஒருவன் பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போக நினைக்கும்போது, புதிய சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. நின்றுபோகும் வருமானம் எத்தனை பேருடையது என்றும் கேட்க வேண்டும். ஆபீஸ் உத்தியோகஸ்தர் வீட்டிலும் இப்படி மறைந்து கிடக்கும் கணக்கு உண்டு. தேடிப் பார்த்தால் அகப்படும்.

இவ்வூரில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குழந்தை ஒன்று, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தது. பத்தொன்பதாம் வயதில் விவாகமும் ஆயிற்று. நெசவில் வருமானம் போதவில்லை. அந்த வாலிபர் வேறு பிழைப்பைத் தேடித் திருப்பூருக்குச் சென்று, மில் ஒன்றில் எடை போடும் கணக்கரானார். அவரைத்தான் நாடு கொடி காத்த குமரன் என்று போற்றுகிறது. 1932 ஜனவரி 10-ந் தேதி தடியடியில் மண்டை பிளந்தும் கொடியை விடாமல், மறுநாள் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 27. அந்த மகத்தான முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதற்கு முன் அவர் செய்த சிறிய முடிவை நினைப்பதில்லை. குமரன் தறியை விட்டுக் கிளம்பியது கொடி பிடிப்பதற்காக அன்று, குடும்பத்தைக் காப்பதற்காக. தொழிலை விட்டவனைச் சோம்பேறி என்றோ நிலையில்லாதவன் என்றோ ஏசுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

எழுத்துலகிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 'ஆனந்த விகட'னின் ஆசிரியராகப் புகழோடு விளங்கிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, 1941-இல் அந்தப் பதவியை விட்டுச் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார். விடுதலையாகி வந்தபோது காத்திருந்த உத்தியோகம் ஒன்றுமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே 'கல்கி' பத்திரிகை பிறந்துவிட்டது! இதை வெறும் துணிச்சல் என்று மட்டும் கொண்டாடுவது பிசகு. அவரோடு நண்பர் சதாசிவம் தோள் கொடுத்து நின்றார். 'சாவித்திரி' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்துப் பெற்ற பணம் பத்திரிகைக்கு முதலாயிற்று. எழுத்தில் பத்தாண்டுக்கு மேற்பட்ட பழக்கமும், பெயரைக் கேட்டாலே வாங்கிப் படிக்கும் வாசகர் கூட்டமும் இருந்தன. நமக்கு அத்தகைய நண்பர் யார், கைத்தொழில் எது என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் பாதி மயக்கம் தீரும்.

மீதிப் பாதி ரூபாய் அணாக் கணக்கு. மாதம் 18,000 ரூபாய் செலவாகும் வீட்டில் சேமிப்பு 90,000 இருந்தால், ஐந்து மாதம் தாங்கும் என்று காகிதம் சொல்லும். காகிதத்துக்கு ஜூன் மாதப் பள்ளிச் சம்பளம் தெரியாது. பங்காளி வீட்டுக் கல்யாண மொய்யும் தெரியாது. ஏலச் சீட்டை முன்னமே எடுத்துச் செலவழித்தவர், வேலை போனாலும் மாதத் தவணையைக் கட்டியே தீரவேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் ஐந்து மாதம் மூன்றாகச் சுருங்கும்.

பணிக்கொடையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நிரந்தர வேலையில் ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பள வீதம் சட்டப்படி உரியது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஐந்து ஆண்டில் அது 57,692 ரூபாய் ஆகிறது. நான்கரை ஆண்டில் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவர் அந்தத் தொகையையும் விட்டுப் போகிறார். கோபத்துக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?

இப்படியெல்லாம் சொல்வதால், எந்த நிலையிலும் ஒட்டிக்கொண்டே இருங்கள் என்பது நமது கட்சியன்று. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு நடைப்பிணமாக வீடு திரும்புகிறவருக்கு வேறு வேலை தேட நேரம் ஏது, சக்தி ஏது? அவர் முதலில் விட்டால்தான் பிறகு தேட முடியும். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைவதற்காகக் காத்திருப்பதும் தகாது. உடம்பு கெடும் இடத்தை விட்டுக் கிளம்புகிறவரை வீட்டார் தடுக்காமல், எத்தனை மாதம் யார் சமாளிப்பது என்று உட்கார்ந்து பேசுவதே முறை. அந்தப் பேச்சில் மனைவிக்குச் சமமான குரல் இருக்கவேண்டும். செலவுக் கணக்கு பெரும்பாலும் அவளிடந்தானே இருக்கிறது! ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து மாலைக் காப்பியோடு செய்தி சொல்லும் கணவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதாமல் விடுகிறோம்.

விலகும் நாளைப் பொறுத்தமட்டில் நெசவாளர் வழி நல்ல வழி. தறியில் ஏற்றிய பாவைப் பாதியில் விட்டு யாரும் எழுவதில்லை. நெய்து முடித்து, துணியை அறுத்துக் கொடுத்துக் கூலியை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். ஆலை வேலைக்காரர்களில் சிலர் தீபாவளி போனஸ் கைக்கு வந்தபின் கார்த்திகையில் விலகுகிறார்கள். இதைக் கண்டு குறைப்படும் முதலாளிகளும் உண்டு. குறைப்பட நியாயமில்லை. அந்தப் போனஸ் முந்திய ஆண்டு உழைத்த உழைப்புக்கு உரியது.