சுண்டலில் யாருக்கெல்லாம் பங்கு?

குழந்தைகளே, நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள்தான். கொலு வைத்த வீடுகளில் ஒரு நாள் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு நாள் பட்டாணி, ஒரு நாள் காராமணி. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். ஆசையாக இரண்டு கிண்ணம் சாப்பிட்டால், சில மணி நேரம் கழித்து வயிறு கடமுடா என்கிறதே, ஏன் தெரியுமா?

இந்தப் பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. பாலில் கலந்து குடிக்கும் சர்க்கரையில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டு துண்டுகள் சேர்ந்திருக்கும். ராஃபினோஸில் கேலக்டோஸ் என்ற மூன்றாவது துண்டும் ஒட்டியிருக்கும். ஸ்டாக்கியோஸில் மொத்தம் நான்கு துண்டுகள். தனித்தனியாக வெட்டினால்தான் சிறுகுடல் அவற்றை உறிஞ்சும். வெட்டும் கத்தரிக்கோல்கள்தாம் நொதிகள். இந்தக் கேலக்டோஸை வெட்டும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அதனால் இந்தச் சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன.

அங்கே விருந்தாளிகள் தயார்! நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில்தான். அவற்றுள் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல வகையிடம் நமக்கில்லாத அந்த நொதி இருக்கிறது. அது சர்க்கரையை வெட்டித் தின்று, அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் தருகிறது. புளிப்பு கூடினால் தீமை செய்யும் சில கிருமிகளால் பெருக முடியாது. வேறு சில பாக்டீரியாக்கள் இந்த அமிலங்களைக்கொண்டு பியூட்டிரேட் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான உணவே அதுதான். இந்த வேலைகளுக்கு நடுவே வெளிவரும் வாயுதான் வயிற்றில் சத்தம் போடுகிறது.

நமக்குச் செரிக்காமல் நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகும் இத்தகைய உணவுக்கு, கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இரு விஞ்ஞானிகள் 1995-இல் 'ப்ரீபயாடிக்' என்று பெயர் வைத்தார்கள். சாம்பாரில் போடும் சின்ன வெங்காயத்திலும் ரசத்தில் தட்டிப்போடும் பூண்டிலும் இன்யூலின் என்ற ப்ரீபயாடிக் இருக்கிறது. தாய்ப்பாலிலும்கூடக் குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரைகள் பல உண்டு. அவை குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியாக்களுக்கான சாப்பாடு!

வாயுத் தொல்லைக்குப் பயந்து சுண்டலை ஒதுக்க வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் இந்தச் சர்க்கரைகளில் கொஞ்சம் போய்விடும். அதிகம் சாப்பிட்டுப் பழகாதவர்கள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு கைப்பிடி பச்சைப்பயறை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்க விடுங்கள். கேலக்டோஸை வெட்டும் அந்த நொதி விதையிடம் உண்டு. முளைக்கும்போது, தான் சேமித்த சர்க்கரையைத் தானே வெட்டிச் சாப்பிட்டுவிடும். அதனால்தான் முளைப்பயறு வாயுவைக் குறைவாகத் தருகிறது. ஆனால் நம் பாக்டீரியாக்களின் பங்கும் அதில் குறைவு. ஆகவே முளைப்பயறும் சாப்பிடுங்கள், சுண்டலும் சாப்பிடுங்கள்!