இரண்டாமிடத்துக்குப் பின்

பெங்களூரு மர்பி டவுனில் உடற்கட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகும் இளைஞருக்குப் பளு தூக்குவதினும் ஊக்கம் தளராதிருப்பதே கடினம். தசை மெல்லவே வளரும். கண்ணாடி அதை நாள்தோறும் காட்டுவதில்லை. மேடையில் நிற்பதோ சில நிமிடங்களே.

வங்காளத்தில் 1912இல் பிறந்த மனோகர் ஐச் ஐந்தடிக்கும் குறைவான உயரமுடையவர். ஆங்கிலேயர் ஆட்சியில் சிறைப்பட்டிருந்தபோது, கருவி ஏதுமின்றி நாள்தோறும் பல மணிநேரம் உடற்பயிற்சி செய்தார். 1951இல் இலண்டனில் நடந்த 'மிஸ்டர் யுனிவர்ஸ்' என்னும் உலக ஆணழகன் போட்டியில் அவருக்கு இரண்டாமிடமே கிடைத்தது. அவர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே இரயில்வேயில் பணிபுரிந்துகொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார். பகலில் வேலை, எஞ்சிய நேரத்தில் பயிற்சி என ஓராண்டு கழிந்தது. 1952இல் தம் பிரிவில் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 40.