சம்மனை வாங்குங்க, பயப்படாதீங்க!



"வீட்டுல யாரும் இல்லைன்னு சொல்லிடு, கையெழுத்து மட்டும் போட்டுடாதே!" என்றார் என் மாமியார். 2023-ல் ஒரு மத்தியானம். வாசலில் கோர்ட் அமீனா சம்மனோடு நிற்கிறார். எனக்கோ கை கால் ஓடவில்லை.

என் கணவர் சின்னதாக ஸ்டேஷனரி கடை வைத்திருந்தார். கடைக்காக ஒரு வங்கியில் 3 லட்சம் ரூபாய்க்கு ஓ.டி. வாங்கினார். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்றதும், நானும் ஜாமீன் கையெழுத்து போட்டேன். 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடங்கள் மூடியதும் வியாபாரம் படுத்துவிட்டது. வட்டி ஏறிக்கொண்டே போனது. வங்கியிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே பீரோ மேல் போட்டு வைத்திருக்கிறார் மனுஷன்! சம்மனில் 4 லட்சத்து 12 ஆயிரம் கேட்டிருந்தார்கள். முதல் பிரதிவாதி அவர். இரண்டாவது பிரதிவாதி நான்.

"உன்னை ஜெயில்ல போடுவாங்க, தாலியைக்கூட விட மாட்டாங்க" என்று மாமியார் அழுதார். ஆனாலும் ஏதோ ஒரு தைரியத்தில் கையெழுத்து போட்டு வாங்கிவிட்டேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். சம்மன் சேர்ந்ததாகவே கணக்கு. கோர்ட்டுக்குப் போகாவிட்டால் நம் பக்கம் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

வக்கீலுக்குப் பணம்? கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 1987-ம் வருஷச் சட்டமே அப்படிச் சொல்கிறதாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

எனக்குக் கிடைத்த வக்கீலம்மா முதலில் என் பயத்தைப் போக்கினார். "பணக் கடன் டிகிரிக்காகப் பெண்களைச் சிவில் ஜெயிலில் வைக்க முடியாதும்மா. மத வழக்கப்படி கழற்றக் கூடாத நகை, சமையல் பாத்திரம், துணிமணி இதையெல்லாம் ஜப்தி பண்ணவும் முடியாது. ஆனா, ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கினவருக்கும் பொறுப்பு ஒண்ணுதான். அதனால சும்மா இருக்கக் கூடாது" என்றார்.

சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் 90 நாள் வரை விடலாம். சில வகை வழக்கில் ஆஜராக 10 நாள்தான் கெடு. அதனால் சம்மனை முழுசாகப் படியுங்கள். மனுவில் "எல்லாம் பொய்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் போதாது. எந்தத் தொகை தப்பு என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு பேரும் ராத்திரி உட்கார்ந்து, பழைய செலான்களை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தோம். 15 ஆயிரம் வீதம் இரண்டு தடவை கட்டிய பணம் வரவில் இல்லவே இல்லை! அதைப் பதில் மனுவில் எழுதியதும் வங்கிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போய், 3 லட்சத்து 36 ஆயிரத்துக்குப் பைசலானது. மாதம் 14 ஆயிரம் வீதம் 24 தவணை. என் தையல் வருமானமும் பையன் சம்பளமும் சேர்த்துக் கட்டி முடித்தோம்.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் கணக்கைக் கேட்காமல், பயந்து ஒளிந்துகொண்டு கட்ட வேண்டியதில்லை. செலான்களைப் பத்திரமாக வையுங்கள். படித்துப் பார்க்காமல் யாருக்கும், கட்டிய புருஷனுக்கே ஆனாலும், ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும் கவர்களை முதலில் பிரிப்பது நான்தான்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.