கைக்கு எட்டும் விலையில் ஒரு கித்தார்

சிலிபினில் வாழும் படிவம் மூன்று மாணவி ஒருத்தி, தீபாவளி அங்பாவ் பணத்தையும் விடுமுறையில் உறவினர் கடையில் உதவியதற்குக் கிடைத்த பணத்தையும் சேர்த்து 300 ரிங்கிட் வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஒரு கித்தார் வேண்டும். வீட்டில் கித்தாரைப் பற்றி அறிந்தவர் எவருமில்லை. ஈப்போவில் இசைக்கருவிக் கடைகள் உண்டு. இணையத்தில் வீட்டுக்கே அனுப்பிவைக்கும் மலிவான கித்தார்கள் உண்டு. ‘பாசார் காராட்’ எனப்படும் பழம்பொருள் சந்தையில் யாரோ வாசித்துக் கைவிட்ட பழைய கித்தாரும் சில வேளைகளில் கண்ணில் படும். அவள் எதை வாங்குவது?

தவறான கித்தாரை வாங்கினால் நட்டம் 300 ரிங்கிட்டோடு முடிந்துவிடாது. கம்பிகள் அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும் கித்தாரை வாசிக்க முயல்பவரின் விரல் நுனி சிவந்து வலிக்கும். எவ்வளவு அழுத்தினாலும் ஒலி தெளிவாக எழாது. கருவியில்தான் கோளாறு என்பதைத் தொடக்க நிலை மாணவரால் அறிய இயலாது. தமக்கு இசை வராது என்று அவரே முடிவு கட்டி, கித்தாரை அலமாரியின் மேல் ஏற்றிவிடுவார். மலிவான கித்தார் வாங்குவதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான்.

மலேசியாவில் மலிவான கித்தாரைக் ‘கித்தார் காப்போக்’ என்று அழைப்பது வழக்கம். காப்போக் என்பது இலவ மரம். அந்தக் கித்தார் இலவ மரத்தால் செய்யப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து இலவம்பூவைக் குறிக்கும் முத்திரைப் பெயரோடு வந்த கித்தார்களால் இப்பெயர் ஏற்பட்டதாகச் சொல்வர். முத்திரை மறந்துபோனாலும் பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுத் திண்ணையிலும் விடுதி அறையிலும் பலர் முதன்முதலில் தொட்ட கித்தார் அதுவே.

மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் கித்தாரில் இரு வகை உண்டு. ஒன்று நைலான் கம்பி பூட்டியது. மற்றொன்று எஃகுக் கம்பி பூட்டியது. நைலான் கம்பி விரலுக்கு மென்மையானது. ஆதலால் அது சிறுவர்களுக்கு மட்டுமே உரியது என்று சிலர் கருதுகின்றனர். அக்கருத்து தவறு. மேலைச் செவ்வியல் கித்தார் முழுவதும் நைலான் கம்பியில்தான் வாசிக்கப்படுகிறது. இசையமைப்பாளர் இளையராஜா, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதும் அந்தச் செவ்வியல் கித்தாருக்காகவே. எஃகுக் கம்பியின் ஒலி கணீரென்று இருக்கும். பாட்டோடு சேர்த்து வாசிக்க ஏற்றது. தொடக்கத்தில் சில வாரம் விரல் நோகும், அவ்வளவுதான்.

இவ்விரண்டுக்கும் இடையே மறக்கக் கூடாத வேறுபாடு ஒன்று உண்டு. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து கித்தாரை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. நைலான் கம்பிகளின் இழுவிசையோ 40 கிலோவை ஒட்டியது. நைலான் கித்தாரில் எஃகுக் கம்பியைப் பூட்டினால் கம்பியைத் தாங்கும் ‘குதிரை’ பெயர்ந்துவிடும், கழுத்தும் வளைந்துவிடும். பழம்பொருள் சந்தையில் கிடைக்கும் பல கித்தார்களின் கதை இப்படித்தான் முடிந்திருக்கும்.

கித்தாரின் ஒலிக்கு எந்தப் பகுதி முக்கியம்? ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892), இன்றைய செவ்வியல் கித்தாரின் வடிவத்தை நிலைநாட்டியவர். அவர் 1862இல் ஒரு விந்தையான கித்தாரைச் செய்தார். அதன் முதுகும் பக்கங்களும் காகித அட்டையால் ஆனவை. மேற்பலகை மட்டும் நல்ல மரம். ஒலியை உருவாக்குவது மேற்பலகையே என்பதை அவர் அதன்வழி காட்டினார். ஆகவே, முதுகுப்புறத்தில் பளபளக்கும் வேலைப்பாட்டுக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை.

மேற்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் பயன்படுகிறது. அது இலேசானது, அதே வேளையில் விறைப்பானது. பேராக் தோட்டங்களில் பால் வற்றிய ரப்பர் மரங்கள் நாற்காலியாகவும் மேசையாகவும் மறுபிறவி எடுக்கின்றன. ஆனால், கனமான அந்தக் கட்டை கம்பியின் சிறு அதிர்வுக்கு எளிதில் அசைந்து கொடுக்காது.

விலை உயர்ந்த கித்தாரில் மேற்பலகை ஒரே மரத்தை அறுத்துச் செய்யப்பட்டிருக்கும். மலிவான கித்தாரில் மெல்லிய தகடுகளை ஒட்டிய ஒட்டுப்பலகை இருக்கும். தனிமரத்தின் ஒலியே செழுமையானது என்பதில் ஐயமில்லை. எனினும், கித்தார் செய்வோர் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதமே மரத்துக்கு ஏற்றது என்கின்றனர். ஈப்போவின் காற்றிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஈரத்தில் தனிமரம் எளிதில் உப்பும். உப்பினால் கம்பியின் உயரமும் கூடும். ஒட்டுப்பலகை அவ்வளவு அசைவதில்லை. குளிர்சாதன வசதியில்லாத தாமான் வீட்டில் வைத்து நாள்தோறும் பழகும் மாணவிக்கு, ஒட்டுப்பலகைக் கித்தாரே பொருத்தமானது. இங்கே மலிவு ஒரு குறையன்று.

வீணையில் உள்ளது போலக் கித்தாரிலும் மெட்டுகள் உண்டு. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுவதால், இடம் பிசகினால் வல்லுநர் ஒருவர் திருத்தி அமைக்கலாம். கித்தாரின் மெட்டுகள் மரத்தில் வெட்டிய பள்ளங்களில் அறையப்படுகின்றன. பள்ளம் தவறான இடத்தில் வெட்டப்பட்டால் அக்கித்தார் என்றும் சுருதி சேராது. இன்று தொழிற்சாலைகளில் கணினி இயக்கும் இயந்திரங்கள் இப்பள்ளங்களைத் துல்லியமாக வெட்டுகின்றன. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1966இல் ‘எஃப்.ஜி.’ என்ற வரிசையில் எளியோருக்கான எஃகுக் கம்பிக் கித்தார்களை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் ‘சி40’, ‘எஃப்310’ போன்ற தொடக்க நிலைக் கித்தார்கள் பின்னர் இந்தோனேசியாவிலேயே செய்யப்பட்டன. மலிவான கித்தார் என்றாலே மட்டமானது என்ற பழைய எண்ணம் இதனால் பெரிதும் மாறியது.

இருப்பினும் பெயரை மட்டும் நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே நல்லது. சிலிபின் மாணவி கடைக்குச் செல்லும்போது அவளிடம் ஓர் அளவுகோலும் சுருதி காட்டும் செயலி உள்ள கைப்பேசியும் இருந்தால் போதும். 12ஆவது மெட்டு, கம்பியின் நீளத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடம். அங்கே மெட்டின் மேற்பகுதிக்கும் தடித்த கம்பியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை அவள் அளக்க வேண்டும். எஃகுக் கம்பியானால் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர், நைலானானால் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் இருக்கலாம். ஆறு மில்லிமீட்டர் இருந்தால் அந்தக் கித்தாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து, அதே மெட்டின் நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒலி எழும். பிறகு அவ்விடத்திலேயே கம்பியை அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். செயலியின் முள் கணிசமாக விலகினால் மெட்டுகளிலோ குதிரையிலோ பழைய கம்பியிலோ பிழை இருக்கிறது. புதுக் கம்பி பூட்டிய பின்னும் முள் விலகினால் அக்கித்தார் வேண்டாம். ஒவ்வொரு கம்பியையும் எல்லா மெட்டுகளிலும் ஒருமுறை அழுத்தி மீட்டுவதும் அவசியம். எங்காவது ‘சர்ர்’ என்று இரைந்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் பொறுமை இழக்கலாம். இழக்கட்டும்.

இணையத்தில் வாங்கும்போது இச்சோதனைகளுக்கு வழியில்லை. படத்தில் எல்லாக் கித்தாரும் அழகாகத்தான் இருக்கும். அதனால், சற்று விலை கூடினாலும் தொட்டுப் பார்த்து வாங்குவதே மேல். பழைய கித்தாரானால் கூடுதலாக இரண்டைப் பார்க்க வேண்டும்: குதிரையின் பின்புறம் பலகையிலிருந்து பெயரத் தொடங்கியிருக்கிறதா? கழுத்து நேராக இருக்கிறதா? இவ்விரண்டும் சரியாக இருந்தால், கீறலும் மங்கிய நிறமும் விலையைக் குறைத்துக் கேட்கத்தான் உதவும்.

அவள் 300 ரிங்கிட்டையும் கித்தாருக்கே கொடுத்துவிடக் கூடாது. ஐம்பது ரிங்கிட்டையாவது ஒதுக்கி வைத்தால் புதிய கம்பிகளை வாங்கலாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கம்பி உயரத்தையும் குறைக்கலாம். குதிரையின் மேலுள்ள வெண்ணிறக் கட்டையின் அடிப்பாகத்தைத் தேய்த்தே அவர் அதைச் செய்வார். 12ஆவது மெட்டு நடுவில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைய, கட்டையில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். படிவம் மூன்று மாணவிக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும்.